திங்கட்கிழமைப் புதுநன்மை

ராயபுரத்தில் அந்தத் தெருவில் எந்த வீட்டு அடுப்பில் என்ன குழம்பு கொதித்தாலும் இருதயம்மாளுக்குத் தெரியாமல் அது இறங்கியதில்லை. குழம்பு மட்டும் தெரிந்தால் அவளுக்குப் போதாது. கறி ஆகாத வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒரு கிறிஸ்தவ வேதக்கார வீட்டில் கறி வாசனை ஏன் வருகிறது, வந்திருப்பது பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா, திரும்பிப் போகும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது, இத்தனையும் தெரிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். இப்படிப்பட்டவளுக்கு இருபது வருஷமாக ஒரே ஒரு வீடு மட்டும் பிடி கொடுக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பி, மதில்மேல் கண்ணாடிச் சில்லும் பதித்திருந்த கன்னியர் மடத்துப் பிள்ளைகள் இல்லம். தாய் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகள் அறுபது பேர் உள்ளே இருப்பதாகச் சொன்னார்கள். வெளியே வந்ததெல்லாம் செபச் சத்தமும் தட்டுச் சத்தமும்தான். அதை வைத்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள் பேச முடியும்?

ஆகையால் 1951-ஆம் வருஷம் தவக்காலத்தில், மடத்தில் கை போதவில்லை, நேரமுள்ள தாய்மார்கள் போய்ப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று சவரிநாதர் சாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது, முதலில் எழுந்து நின்றவள் இருதயம்மாள். அவளுடைய தரும சிந்தனையைச் சாமியார் மெச்சினார். தெருவில் ஒருவரும் மெச்சவில்லை. தெருவுக்கு அவளைத் தெரியும்.

"மதிலு மேல எட்டிப் பாக்க ஏணி கெடைக்குமான்னு கேட்டுக்கினு இருந்தே. இப்ப கேட்டையே தொறந்து வுட்டுட்டாங்க" என்றார் அவள் புருஷன் ராசையா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீடு திரும்புவார். அவள் தரையில் நின்றபடியே அதைவிட அதிகம் பார்ப்பாள். ஒன்றையும் விடாமல் பேசுவாள். மூன்று ஆண் பிள்ளைகளை வளர்த்து வேலைக்கு அனுப்பிய வீடு அது. பிள்ளைகள் போனபிறகு அவளுக்குக் கையும் சும்மா இருந்தது, வாயும் சும்மா இருந்தது. இரண்டில் எது ஆபத்து என்று ராசையாவுக்குத் தெரியும்.

முதல் வாரம் தெருவே அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. கிடைத்த செய்தி ஒன்றுதான்: மடத்துத் தலைவி மதர் இரவில் கஞ்சிதான் குடிக்கிறார். இரண்டாவது வாரம் அவளுக்குப் பேன் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அங்கேதான் விஷயம் மாறியது. மடியில் தலையை வைத்துப் படுத்த பிள்ளை சும்மா இருக்காது, பேசும். கேட்டதற்குப் பதிலாக இல்லாமல், தானாகவே பேசும். அப்பன் எந்த ஊரில் குடித்து விழுந்தான், அம்மா எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கண் மூடினாள், தம்பி எப்போது அழுகையை நிறுத்தினான். இருதயம்மாள் இருபது வருஷம் ஏங்கிய செய்தியெல்லாம் ஒரே வாரத்தில் மடியில் வந்து விழுந்தது.

அதில் ஒன்றுகூட மதிலைத் தாண்டி வெளியே வரவில்லை. தெரு இதை நம்பவில்லை. அடுத்த வீட்டுக் காத்தூன் பீவி நேரிலேயே கேட்டுவிட்டாள்.

"இன்னா இருதயம், ஒடம்புக்கு ஏதாச்சும் கீதா? பத்து நாளாச்சு, ஒரு விசயமும் சொல்ல மாட்டேங்கறே."

"சொல்ல ஒண்ணும் இல்ல பீவி. அல்லாம் புள்ளைங்க."

"புள்ளைங்கன்னா வாய் தெறக்காதா?"

"தெறக்குது. அதான் எனக்கு மூடிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு இருதயம்மாள் உள்ளே போய்விட்டாள். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவள் பேச்சின் நடுவே உள்ளே போனது தெரு சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

ஆனால் பெருமை பேசாமல் அவளால் இருக்க முடியாது. அதற்கும் வழி வந்தது. அந்த வருஷம் புதுநன்மை வாங்க மடத்தில் பதினோரு பெண்கள் தயாராக வேண்டியிருந்தது. முதன்முதலாக ஒரு பிள்ளை கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குகிற நாள் அது. வேதக்காரக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி, முடிந்ததும் பலமான நாஸ்தா. கோயில் பள்ளிக்கூடத்து ஆலிஸ் டீச்சர் கவுன் தைக்கிற வேலையை எடுத்துக்கொண்டாள். வேதப் பாடமான ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் வேலை இருதயம்மாளுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனால் செபங்களெல்லாம் மனப்பாடம், குரலும் துறைமுகச் சங்குக்கு ஈடு. முதல் நாளே பிள்ளைகளிடம் தன்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிடச் சொல்லிவிட்டாள்.

"டிரெய்னிங் முடிச்ச நானே வெறும் டீச்சர்தான். இவங்க அம்மாவையும் சேத்துக்கினாங்க" என்றாள் ஆலிஸ், ஊசியில் நூலைக் கோத்தபடி.

பத்துப் பெண்களால் தொல்லை இல்லை. பதினோராவது பெண் உத்தரியம். எட்டு வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கிடைத்தவள். பெயர் கேட்டால் 'பாப்பா' என்று மட்டும் சொன்னாளாம். கழுத்தில் மாதா படம் தைத்த துணிமாலையான உத்தரியம் தொங்கியதால் வேதக்காரப் பிள்ளை என்று தெரிந்தது. மதர் அதையே பெயராக வைத்துவிட்டார். "இங்கியே குந்திக்கினு இரு, நாளைக்கு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அவள் அம்மா ரயில் ஏறிப் போனாள். பிள்ளை அந்த இடத்திலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது. போர்ட்டர்கள் பன் வாங்கிக் கொடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பன்னைத் தின்றது, இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதிலிருந்து அவளுக்கு இரண்டு பழக்கம். வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவளின் பாவாடையைப் பிடித்துக்கொள்வாள், விடமாட்டாள். எங்கேயாவது உட்காரச் சொன்னால், சொன்னவர் வந்து எழுப்பும் வரை எழுந்திருக்க மாட்டாள். இது தெரியாத இருதயம்மாள் ஒரு நாள் மதியம், "செவுரோரமா குந்து, வந்து பேன் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தெருவில் யாரோ சண்டை போடுகிற சத்தம் கேட்டு ஓடியவள், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் மதர் சொல்லித்தான் தெரிந்தது. விளக்கு வைக்கிற நேரம் வரை பிள்ளை சுவரோரமே இருந்திருக்கிறது, சோற்றுக்கும் எழவில்லை. அந்தச் சண்டை யாருக்கும் யாருக்கும் என்பதை இருதயம்மாள் அதற்குப் பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை.

விசுவாசம் என்றால் என்ன என்ற கேள்விக்குப் பதில் இரண்டரை வரி. பத்துப் பேரும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். உத்தரியம் பாதியில் நின்று, "அதுக்கு மேல வரல டீச்சரம்மா" என்பாள். "வரும் வரும், நாளைக்கு வரும்" என்று இருதயம்மாள் சொன்னால் அவள் முகம் என்னவோ போலாகிவிடும். அந்த 'நாளைக்கு' என்ற வார்த்தையை அவளிடம் சொல்லக் கூடாது என்று இருதயம்மாள் தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆயிற்று.

ஜூன் மாதம் திரு இருதய ஆண்டவரின் மாதம். இருதயம்மாள் அதைத் தன் சொந்த மாதமாகவே நினைத்திருந்தாள். அந்த மாதத்து இரண்டாம் ஞாயிறு புதுநன்மை என்று நாள் குறித்தார்கள். ஒரே ஒரு கஷ்டம். நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது. அப்போதைய சட்டத்தில் தண்ணீரும் சேர்த்திதான். ஒரு மடக்கு உள்ளே போனால் அன்றைக்கு நன்மை கிடையாது. ஜூன் மாதத்து ராயபுரத்தில், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளைக் காலை எட்டு மணி வரை தண்ணீர் காட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

"பதினோரு புள்ளைங்க, ஒரே வரிசை. ஒரு சொட்டு உள்ள போவாது. இந்த இருதயம்மா பாத்துக்குவா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

காத்தூன் பீவிக்கு அது நோன்பு மாதம். உதடு காய்ந்து வாசலில் உட்கார்ந்திருந்தவள் சிரித்தாள். "நாங்க மாசம் முப்பது நாளும் பொழுது சாயற வரைக்கும் எச்சி கூட முழுங்காம குந்திக்கினு கீறோம். நீ ஒரு காலைக்கு இம்மாம் பந்தா பண்றியே."

"நீங்கல்லாம் பெரியவங்க பீவி. இதுங்க பச்சப் புள்ளைங்க."

"எங்கள்ல புள்ள மொத நோன்பு வெச்சா மாலை போடுவோம் தெரியுமா. நீ இன்னா போடப் போறே?"

"கவுன்" என்றாள் இருதயம்மாள். பீவி அதை ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மடத்துத் தண்ணீர்ப் பானைகளின் வாயையெல்லாம் துணி வைத்துக் கட்டினாள். குழாய்க்கும் ஒரு கோணியைச் சுற்றினாள். டம்ளர்களை எண்ணி அலமாரியில் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். மதரே வந்து பார்த்துவிட்டு, சிறைச்சாலை மாதிரி இருக்கிறது என்று சொன்னாராம். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பதினோரு பேருக்கும் தலை வாரி, கவுன் மாட்டி, பூமுடி வைத்தாயிற்று. ஆலிஸ் ஒவ்வொரு முகமாகப் பவுடர் அடித்துக்கொண்டு வந்தாள். கடைசி முகம் உத்தரியத்தினுடையது. டப்பாவில் மிச்சமிருந்ததையெல்லாம் அவள்மேல் கொட்டித் தீர்த்துவிட்டு, மெழுகுதிரி எடுத்து வர ஆலிஸ் வெளியே போனாள். பவுடர் தொண்டைக்குள் போய்ப் பிள்ளை இருமத் தொடங்கியது. சாதாரண இருமல் இல்லை. கண் பிதுங்கி, மூச்சு நின்று நின்று வருகிற இருமல். பூமுடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இருதயம்மாள் பக்கத்தில் அவளுடைய சொந்தக் கூஜா இருந்தது. பூசை முடிந்ததும் தான் குடிப்பதற்காக வீட்டிலிருந்து கொண்டு வந்தது. மூன்று பிள்ளைகளை வளர்த்த கை, அது யாரையும் கேட்கவில்லை. ஒரு கை பிள்ளையின் முதுகைத் தட்டியது, மற்றொரு கை கூஜாவைத் திறந்து வாயில் வைத்தது. "குடி, குடிம்மா, மெதுவா." பிள்ளை இரண்டு மடக்குக் குடித்தது. இருமல் நின்றது. கூஜா விளிம்புக்கு மேலாக இரண்டு கண்கள் இருதயம்மாளைப் பார்த்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பானை கட்டினவள், குழாய் கட்டினவள், டம்ளரைப் பூட்டினவள், தன் கையாலேயே ஊற்றிவிட்டாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. மற்ற பத்துப் பேரும் முற்றத்தில் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். கூஜாவை மூடித் துணிப்பைக்குள் தள்ளினாள். பிள்ளையின் வாயைத் துடைத்தாள். பூமுடியை நேராக்கினாள். ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் விட்டாள். உத்தரியம் வழக்கம்போல் முன்னால் நின்றவளின் கவுனைப் பிடித்துக்கொண்டாள்.

மடத்திலிருந்து கோயில் வாசல் நூறு அடி. இருதயம்மாள் வாழ்நாளில் அத்தனை நீளமான தூரம் நடந்ததில்லை. யாருக்குத் தெரியும், என்றது மனசு. தெரியாமல் குடித்த தண்ணீர், பிள்ளைமேல் குற்றம் இல்லை, என்றது. இன்றைக்கு மட்டும் பேசாமல் இரு, என்றது. அவள் மனசு அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னது அபூர்வம். இந்தப் பிள்ளையை வரிசையிலிருந்து இழுத்தால் அது தாங்குமா? வரிசையை விட்டால் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைக்கிற பிள்ளை. தெருவில் சொன்ன பெருமையும் கூடவே நடந்து வந்தது. காத்தூன் பீவி சிரிப்பாள். ஆலிஸ் சிரிக்க மாட்டாள், அது இன்னும் மோசம்.

கோயில் வாசலில் வரிசை நின்றது. உள்ளே ஆர்மோனியம் தொடங்கியது. உத்தரியம் பின்னால் திரும்பி, அவள் சேலையை இழுத்தாள்.

"டீச்சரம்மா, நானு தண்ணி குட்ச்சிட்டேனே. ஆண்டவரு என்கிட்ட வருவாரா?"

"வருவாரு. சும்மா நில்லு."

பிள்ளை ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு, "நீங்க சொன்னா சரி டீச்சரம்மா" என்று சொல்லித் திரும்பிக்கொண்டது. முகத்தில் ஒரு கவலையும் இல்லை. பாரத்தை இறக்கிவைத்த கூலியாள் போலத் தோளைத் தளர்த்தி நின்றது.

திட்டியிருந்தால் இருதயம்மாள் தாங்கியிருப்பாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பாள். இரண்டரை வரிப் பதிலைப் பாதியில் விடுகிற பிள்ளை, மிச்சத்தை இப்படி ஒரே வார்த்தையில் தன்மேல் வைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒருத்தியின் சொல்லை நம்பிப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்த பிள்ளை அது. அதற்குப் பிறகும் இன்னொருத்தியின் சொல்லை இப்படி நம்புகிறது. அந்தச் சொல் பொய்யாக இருக்கக் கூடாது.

கவுனைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "வா" என்றாள். பக்கவாட்டு வாசல் வழியாகச் சவரிநாதர் சாமியார் பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்த அறைக்குள் போனாள். தெருவுக்கே கேட்கும் அவள் குரல் அன்றைக்கு மூன்றடி தள்ளி நின்ற சாமியாருக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"தண்ணி குட்த்துட்டேன் சாமி. இந்தப் புள்ளைக்கு. நான்தான்."

சாமியார் நல்ல மனுஷர். ஆனால் சட்டம் அவர் கையில் இல்லை. "இன்னைக்கு முடியாது இருதயம்மா. நாளைக்குக் காலையில ஆறு மணிப் பூசைக்குக் கூட்டிக்கினு வா. குடுக்கறேன்."

நாளைக்கு. அந்த வார்த்தை இந்தப் பிள்ளையை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. பிள்ளை இருதயம்மாளின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டது.

பூசை நடந்தது. பத்து வெள்ளைக் கவுன்கள் பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியில் மண்டியிட்டன. பதினோராவது கவுன் முன் பெஞ்சில் இருதயம்மாள் பக்கத்தில், கையைக் குவித்தபடி உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு இருதயம்மாளும் நன்மைக்கு எழுந்து போகவில்லை. கோயில் முழுக்க அந்த பெஞ்சைத்தான் பார்த்தது. இருபது வருஷமாக எல்லாரையும் பார்த்த கண்ணை எல்லாரும் பார்த்தார்கள்.

பூசை முடிந்து கூட்டம் வெளியே போனபிறகும் உத்தரியம் எழவில்லை.

"அப்ப நானு இங்கியே குந்திக்கினு இருக்கேன் டீச்சரம்மா. நாளைக்கு வரைக்கும்."

இருதயம்மாள் மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேராக வந்தாள். "வேணாம்டி கண்ணு. நீ எங்க இருந்தாலும் நான் வந்து தேடிக் கூட்டிக்கினு வருவேன். நீ குந்தியிருக்க வேணாம். போ, நாஸ்தா துண்ணு. ஓடு, வெளையாடு. தூங்கு. வர்றது என் வேலை."

"நாளைக்குன்னா, நாளைக்கேவா?"

"நாளைக்கே. சங்கு ஊதறதுக்கு முந்தி."

பிள்ளை யோசித்தது. பெஞ்சின் மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தது. பிறகு கையை விட்டது. பெஞ்சிலிருந்து இறங்கியது. "கேக்கு கீதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மற்றவர்களைத் தேடி ஓடியது.

வெளியே படிக்கட்டில் மாதா சபைப் பெண்கள் கூடி நின்றார்கள். சிலுவையம்மாள் என்று ஒருத்தி, பெரிய வீட்டுக்காரி, மூக்கைச் சுளித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். "அநாதைப் புள்ளைங்கதானே. வவுத்த அடக்கத் தெரியல போல. எதையாவது எடுத்துத் துண்ணிருக்கும்."

போன குரல் இருதயம்மாளுக்குத் திரும்பி வந்தது.

"அந்தப் புள்ள ஒண்ணும் எடுத்துத் துண்ணல. இந்தக் கை குட்த்திச்சு. என் கூஜாத் தண்ணி. நல்லாக் கேட்டுக்கங்க, நாளைக்குப் புள்ளையப் பத்தி வேற மாதிரி பேச்சு வந்தா, யாரு கிளப்பினதுன்னு எனக்குத் தெரியாம போவாது. காலையில ஆறு மணிக்கு அதுக்குப் புதுநன்மை. வர்றவங்க வாங்க."

பிறகு அவள் செய்ததுதான் இன்றைக்கும் தெருவில் பேச்சு. வீட்டுக்குப் போய்ச் சேலை கூட மாற்றாமல், வீடு வீடாகப் போனாள். இருபது வருஷமாக அடுத்தவர் கதையைச் சுமந்து போன அதே கால்கள், அதே வாசல்கள். சுமந்தது மட்டும் அவளுடைய சொந்தக் கதை. "சமாச்சாரம் தெரியுமா? பானையெல்லாம் கட்டிட்டு நானே தண்ணி ஊத்திட்டேன். நாளைக்கு ஆறு மணிக்கு ஒத்தப் புள்ளைக்குப் புதுநன்மை. வந்துடுங்க." கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். அதற்குள் அவள் அடுத்த வாசலில் இருந்தாள். மீன் குப்பத்துக்கும் போனாள். டிராம் நிற்குமிடத்தில் நின்றும் சொன்னாள். ஆலிஸ் வீட்டு வாசலில் மட்டும் சற்றுத் தயங்கினாள். ஆலிஸ் கதவைத் திறந்து, "எனக்குத் தெரியும். பவுடர் நான்தானே கொட்டினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காத்தூன் பீவி சிரிக்கவில்லை. "தண்ணி கேக்காத புள்ளைக்கு நீயே ஊத்தினியா" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு, "நாளைக்கு நான் விடியறதுக்கு முந்தி ஸஹர் சோறு துண்ணு முட்சிட்டுத் தூங்க மாட்டேன். உன்ன எழுப்பி வுடறேன். உன்ன நம்ப முடியாது" என்றாள்.

"வெளையாட்டு இல்ல பீவி."

"நானும் வெளையாடல."

ராசையா விஷயத்தைக் கேட்டுவிட்டு, மறுநாளைக்கான காக்கிச் சட்டையை எடுத்து உதறினார். "நாளைக்கு எனக்குக் காலை ஷிப்டு" என்றார். "ஏழு மணிக்குத்தான் மேல ஏறணும். ஆறுக்கு வந்துட்டுப் போறேன்." கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் வாரநாளில் பூசைக்கு வருவதாகச் சொன்னது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை பீவி கதவைத் தட்டியபோது இருதயம்மாள் ஏற்கெனவே குளித்து நின்றிருந்தாள். வெளிச்சம் பரவத் தொடங்கியபோது மடத்துக் கேட்டில் இருந்தாள். மனசுக்குள் ஒரு படம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்: கேட்டுக்கு உள்ளே கல்லின்மேல் அந்தப் பிள்ளை கவுனோடு உட்கார்ந்திருக்கும், தன்னைக் கண்டதும் எழுந்து ஓடி வரும். கல்லின்மேல் யாரும் இல்லை. கேட்டைத் திறந்த சிஸ்டர், "தூங்குது" என்றாள்.

"தூங்குதா? இன்னைக்கா?"

"நேத்து ராத்திரி எத்தனை தடவை முழிச்சுக்குமோன்னு நானும் பயந்தேன். ஒரு தடவைகூட முழிக்கல."

இருதயம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரையே கூட்டிவிட்டு, குளித்து, ஓடி வந்தால், இந்த ராணி தூங்குகிறாள். படுக்கை வரிசையின் நடுவே போய் நின்று பார்த்தாள். வாயைத் திறந்து, ஒரு காலைப் பக்கத்துப் பிள்ளைமேல் போட்டு, உலகத்தில் ஒரு பொறுப்பும் இல்லாதவள்போல உத்தரியம் தூங்கிக்கொண்டிருந்தாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காத்திருக்கிற பிள்ளைக்குத் தூக்கம் வராது. வருவாள் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் வரும். தான் சொல்லிக்கொடுத்த இரண்டரை வரியில் இது எங்கேயும் இல்லை.

தோளைத் தொட்டு எழுப்பினாள். பிள்ளை கண்ணைத் திறந்து, "வந்துட்டீங்களா" என்றது. ஆச்சரியமாகக் கேட்கவில்லை, மணி கேட்பதுபோலக் கேட்டது.

வாரநாள் ஆறு மணிப் பூசைக்கு வழக்கமாக ஏழெட்டுப் பேர் வருவார்கள். அன்றைக்குக் கோயிலுக்குள் நுழைந்த இருதயம்மாள் நின்றுவிட்டாள். காக்கி அரைக்கால் சட்டையோடு துறைமுகத்து ஆட்கள் ஒரு பக்கம் மண்டியிட்டிருந்தார்கள். அவர்கள் நடுவே ராசையா. மீன்காரிகள் கூடைகளை வெளியே அடுக்கிவிட்டு வந்திருந்தார்கள்; வாசனையை அடுக்க முடியவில்லை, அது உள்ளே வந்திருந்தது. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றார்கள். பின்வரிசைத் தூணோரம் சிலுவையம்மாள்கூட, யாரும் கவனிக்கக் கூடாது என்கிற முகத்தோடு.

நடுப் பாதையில் ஆலிஸ். அவளுக்குப் பின்னால் பத்து வெள்ளைக் கவுன்கள், பத்துப் பூமுடிகள். நேற்றுப் போட்ட கவுன்களை இரவோடு இரவாகத் துவைத்துக் காயவைத்து, விடியுமுன்பே மடத்துப் பின்கட்டில் மறுபடியும் மாட்டிக் கூட்டி வந்திருந்தாள்.

"இதுங்களுக்கு நேத்தே ஆயிடுச்சே" என்றாள் இருதயம்மாள்.

"ரெண்டாவது நாள் வாங்கக் கூடாதுன்னு ஒண்ணும் சட்டம் இல்லையே டீச்சரம்மா. தண்ணி யாரும் குடிக்கல, நான் பாத்துக்கினேன்" என்றாள் ஆலிஸ். அந்த 'அம்மா'வை அவள் முதன்முறையாகக் கிண்டல் இல்லாமல் சொன்னாள்.

உத்தரியம் வழக்கப்படி வரிசையின் கடைசிக்கு நடந்தாள். ஆலிஸ் அவளைத் தோளைப் பிடித்து முன்னால் கொண்டு வந்து நிறுத்தினாள். முன்னால் பிடிக்கக் கவுன் இல்லை. பிள்ளையின் கை காற்றில் ஒரு முறை துழாவியது. பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற சின்னப் பெண், யாரும் சொல்லாமலே, உத்தரியத்தின் கவுனைப் பிடித்துக்கொண்டாள். உத்தரியம் திரும்பிப் பார்த்தாள். முதுகை நிமிர்த்தினாள். நடந்தாள். பதினோரு பிள்ளைகள், ஒரே வரிசை.

நேரே கிராதி வரைக்கும் அவள் நடந்துபோய் மண்டியிட்டதைச் சொல்ல இருதயம்மாளால் அதற்குப் பிறகு ஒரு வாரம் முடியவில்லை. அந்த ஒரு வாரம் தெரு அமைதியாக இருந்தது. பிறகு முடிந்தது, அதிலிருந்து இன்றுவரை நிறுத்தவில்லை. மிகைப்படுத்திச் சொல்கிறாள் என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே இருந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, படிக்கட்டுக்குக் கீழே காத்தூன் பீவி நின்றுகொண்டிருந்தாள். கோயிலுக்குள் வராமல் அந்த நேரம் முழுக்க வேப்பமரத்தடியிலேயே நின்றிருக்கிறாள். கையில் வாழை இலைப் பொட்டலம். அதிலிருந்து மல்லிகை மாலை ஒன்றை எடுத்து உத்தரியத்தின் கழுத்தில் போட்டாள். மாலை பிள்ளையின் முழங்காலுக்கு வந்தது.

"மொத நோன்பு வெச்ச புள்ளைக்கு மாலை இல்லாம வுடலாமா" என்றாள்.

உத்தரியம் மாலையை முகர்ந்து பார்த்தாள். பிறகு இருதயம்மாளின் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தாள்.

"இப்ப குடிக்கலாமா டீச்சரம்மா?"

"குடி. எம்மாம் வேணுமோ குடி."

கூஜாவைத் திறந்து கொடுத்தாள். பிள்ளை நன்றாகக் குடித்தது. கவுனெல்லாம் வழிந்தது. மிச்சத்தை இருதயம்மாளிடம் நீட்டியது. அவளும் நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் குடித்திருக்கவில்லை, அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். துறைமுகத்தில் ஏழு மணிச் சங்கு ஊதியது. ராசையாவுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் ஓடாமல், அவர்கள் இருவரும் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

காத்தூன் பீவி காய்ந்த உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"நோன்பாளி எதிர்க்க நின்னுக்கினு இம்மாம் தண்ணி குடிக்கறீங்களே, ரெண்டு பேருக்கும் ஈவு எரக்கம் கீதா?" என்றாள். "சாயந்திரம் நோன்பு தொறக்க வூட்டுக்கு வாங்க. புள்ளையக் கூட்டிக்கினு வா இருதயம்."

உத்தரியம் இருதயம்மாளை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னக் கூட்டிக்கினு வருவாங்க பாட்டி" என்று பீவிக்குப் பதில் சொன்னது அவள்தான்.